நீரும் நெறியும் – 9: வலென்சியாவின் வியாழக்கிழமை மன்றம்

சென்ற இதழில் பாபிலோனில் இருந்தோம். தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பிக் கிடந்தவனால் உடைப்பெடுத்து அடுத்தவர் வயல் அழிந்தால், அழிந்த தானியத்தை அவன் ஈடுகட்ட வேண்டும். கட்ட வழியில்லையென்றால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, வயல் இழந்தவர்கள் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஹமுராபியின் சட்டம் சொன்னதைப் பார்த்தோம். அங்கே நெறி அரண்மனையிலிருந்து வயலுக்கு இறங்கி வந்தது. இந்த இதழில் நாம் போகும் ஊரில் நெறி வாய்க்கால் கரையில் பிறந்தது. அரசர்களும் நாடாளுமன்றங்களும் அதை ஏற்றுக்கொண்டதோடு சரி.

ஸ்பெயினின் கிழக்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கிறது வலென்சியா. நகரத்தின் பேராலயத்தில் அப்போஸ்தலர் வாசல் என்று ஒரு வாசல். வியாழக்கிழமைதோறும் அந்த வாசலுக்கு முன்னால் வட்டமாக ஓர் இரும்புக் கிராதி வைப்பார்கள். உள்ளே தோல் போர்த்திய பழைய மர நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வாய்க்காலின் பெயர். கோபுர மணி பன்னிரண்டு அடித்ததும் எட்டுப் பேர் வந்து அமர்கிறார்கள். அவர்கள் உடுத்தியிருக்கும் கறுப்புச் சட்டை, நீதிபதிகளின் அங்கியன்று. அந்த வட்டார விவசாயிகள் ஒருகாலத்தில் வயலுக்கும் சந்தைக்கும் போட்டுச் சென்ற மேற்சட்டை அது.

அமர்ந்திருப்பவர்களுக்கு ‘சிண்டிக்’ என்று பெயர். ஆளுக்கொரு வாய்க்காலின் தலைவர்கள். அருகில் நிற்கும் சேவகரின் கையில் ஒரு நீண்ட கோல். அதன் தலையில் இருமுனைப் பித்தளைக் கொக்கி. மதகுப் பலகையை மாட்டித் தூக்குகிற கொக்கியின் வடிவம்தான் இந்த மன்றத்தின் செங்கோல். சேவகர் அனுமதி கேட்டுவிட்டு உரத்த குரலில் அழைக்கிறார்: குவார்ட் வாய்க்காலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உண்டா? யாரும் வராவிட்டால் அடுத்த வாய்க்காலின் பெயர். அப்படியே எட்டும். பல வியாழக்கிழமைகளில் எட்டுப் பெயருக்கும் பதில் வராது. சில நிமிடங்களில் மன்றம் கலைந்துவிடும்.

வழக்கு இருந்தால் வாய்க்கால் காவலரோ, பாதிக்கப்பட்ட விவசாயியோ முதலில் புகாரைச் சொல்கிறார். முறை வராத நேரத்தில் தண்ணீர் பாய்ச்சினார். வரப்பை வெட்டி அடுத்தவர் வயலை மூழ்கடித்தார். தன் பங்கு வாய்க்காலைத் தூர்வாரவில்லை. பாய்ச்சியபின் மடையை அடைக்காமல் தண்ணீரைப் பாதையில் ஓடவிட்டார். குற்றங்கள் பெரும்பாலும் இந்த வகை. பிறகு குற்றம் சாட்டப்பட்டவர் பேசலாம். வழக்கறிஞர் கிடையாது. மனு கிடையாது. எல்லாம் வலென்சிய மொழியில், வாய்மொழியாக. யார் பேசலாம் என்பதைத் தலைவர் தன் பாதத்தை அவர் பக்கம் நீட்டிக் காட்டுவது பழைய வழக்கம். உண்மை தெளியவில்லையென்றால் நேரே வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்வார்கள். மூன்று முறை அழைத்தும் வராதவர் இல்லாமலே தீர்ப்பு வரும்.

தீர்ப்புச் சொல்லும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ, அதன் சிண்டிக் கலந்தாலோசனையில் சேரமாட்டார். வழக்கு ஆற்றின் இடக்கரையில் என்றால், தீர்ப்பை முன்மொழிபவர்கள் வலக்கரைச் சிண்டிக்குகள்; வலக்கரையில் என்றால் இடக்கரையினர். சொந்த ஊர்ப் பகையும் உறவும் தீர்ப்பில் புகாமல் இருக்க, ஆற்றையே நடுவில் வைத்துவிட்டார்கள். அபராதமும் நட்ட ஈடும் அங்கேயே அறிவிக்கப்படும். மேல்முறையீடு இல்லை.

நூற்று முப்பத்தெட்டுப் பங்கு

வலென்சியாவில் ஆண்டுக்குச் சுமார் 450 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி இலையுதிர் காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பயிர் வாடும் கோடையில் வானம் வெறுமையாக இருக்கும். தெருவேல் மலைகளில் பிறந்து, சுமார் 280 கிலோமீட்டர் ஓடி இங்கே கடலில் கலக்கும் துரியா ஆறுதான் ஒரே நம்பிக்கை. அதுவும் பெரிய ஆறன்று. பெருகினால் ஊரை அழிக்கும். சுருங்கினால் முழங்கால் நனையாது.

ஆறு நகரத்தை நெருங்கும் கடைசிச் சில மைல்களில், குறுக்கே தாழ்வான அணைகளைக் கட்டி, இருபுறமும் வாய்க்கால்களைப் பிரித்தார்கள். வலக்கரையில் குவார்ட், அதிலிருந்து பிரியும் பெனாஷேர்–ஃபைதனார், பிறகு மிஸ்லாத்தா, ஃபவாரா, ரோவெய்யா. இடக்கரையில் தோர்மோஸ், மெஸ்தாய்யா, ரஸ்கான்யா. கால்பந்து ரசிகர்களுக்கு மெஸ்தாய்யா பழகிய பெயர். வலென்சியா அணியின் அரங்கத்துக்கு அந்த வாய்க்காலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த வாய்க்கால்கள் விரிந்த பசும்பரப்புக்கு ‘ஓர்ட்டா’ என்று பெயர். கோதுமை, மல்பெரி, சணல் என்று நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பயிர் மாறியது. பாய்ச்சல் முறை மாறவில்லை.

ஆற்றுநீரைப் பங்கிட அவர்கள் வைத்த அளவு ‘ஃபிலா’. ஒரு ஃபிலா என்பது இத்தனை லிட்டர் என்று கணக்கில்லை. ஆற்றில் எவ்வளவு வந்தாலும் அதை 138 பங்காகக் கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே பிரியும் மொன்காதா வாய்க்காலுக்கு 48 பங்கு. குவார்ட், மெஸ்தாய்யா, ஃபவாரா, ரஸ்கான்யா, ரோவெய்யா ஆகியவற்றுக்குத் தலா 14. தோர்மோஸுக்கும் மிஸ்லாத்தாவுக்கும் தலா 10. வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் வெள்ளம். வறட்சி வந்தால் எல்லோருக்கும் அதே விகிதத்தில் வறட்சி. அளவைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரி தேவையில்லை. ஆறே அதைச் செய்துவிடுகிறது.

இந்த விகிதக் கணக்கு ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நீரோட்டத்தின் நடுவே கூர்முனை வைத்த கல் ஒன்றை நட்டார்கள். ஊரார் அதை நாக்கு என்பார்கள். இருபக்கமும் அடித்தளம் ஒரே மட்டம். அகலம் மட்டும் பங்குக்குத் தக்கபடி. தண்ணீர் விரல்கடை ஓடினாலும் இடுப்பளவு ஓடினாலும் அந்தக் கல் அதைச் சொன்ன விகிதத்தில் பிளந்து அனுப்பும். பங்கில் சந்தேகப்படும் விவசாயி யாரையும் கேட்க வேண்டியதில்லை. கரையில் நின்று தன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நீர்ப் பங்கீட்டில் சண்டை மூள்வதற்குப் பாதிக் காரணம், யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போவது. அந்தச் சந்தேகத்தின் வேரை வெட்டியது இந்தக் கல்.

வென்றவன் காப்பாற்றிய வழக்கம்

இந்த வாய்க்கால்களை உருவாக்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள், எட்டாம் நூற்றாண்டு முதல் ஐந்நூறு ஆண்டுகள் இங்கே ஆண்ட முஸ்லிம்களும் அவர்களோடு குடியேறிய அரபு, பெர்பர் உழவர்களும். கொர்தோபா கலீபாக்களின் காலத்தில், கி.பி. 960 வாக்கில், மன்றம் தொடங்கியதாக ஊர் மரபு சொல்கிறது. 1960-ல் ஆயிரமாண்டு விழாவும் எடுத்தார்கள். ஆண்டைத் துல்லியமாக நிறுவும் ஆவணம் இல்லாவிட்டாலும், வழக்கம் பழையது என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அதைத் தந்தவர் அந்த ஆட்சியை முடித்துவைத்த அரசர்.

1238-ல் அரகோன் அரசர் முதலாம் ஹைமே வலென்சியாவைக் கைப்பற்றினார். பள்ளிவாசல் பேராலயமாயிற்று. நிலங்கள் புதிதாக வந்த கிறிஸ்தவக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆனால் வாய்க்கால்களின் மேல் அவர் கை வைக்கவில்லை. 1239-ல் வெளியிட்ட சாசனத்தில், மொன்காதா நீங்கலாக எல்லா வாய்க்கால்களையும் அவற்றின் நீரோடு குடிமக்களுக்கே வரியின்றிக் கொடுத்தார். முஸ்லிம்களின் காலத்தில் எந்த வழக்கப்படி பாய்ச்சினார்களோ அதே வழக்கப்படி பாய்ச்ச வேண்டும் என்றும் ஆணையிட்டார். தனக்கென்று வைத்துக்கொண்ட மொன்காதாவையும் 1268-ல் அதன் பாசனக்காரர்களிடம் ஒப்படைத்தார். மதத்தையும் மொழியையும் நில உரிமையையும் மாற்றிய வெற்றி, முறைத் தண்ணீரை மட்டும் மாற்றத் துணியவில்லை. அதைக் குலைத்தால் அடுத்த அறுவடை இருக்காது என்பது வென்றவருக்கும் தெரிந்திருந்தது.

ஆறு நாள் வேலை

சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது வியாழக்கிழமையின் கால்மணி நேரத்தை. அந்தக் கால்மணி நேரத்துக்கு மரியாதை வருவது மற்ற நாட்களின் வேலையால்.

ஒவ்வொரு வாய்க்காலும் தன்னளவில் ஒரு சங்கம். அதன் ஆயக்கட்டில் நிலம் வைத்துப் பாய்ச்சுபவர்கள் கூடித் தங்கள் சிண்டிக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிண்டிக் தானும் அந்த வாய்க்காலில் பாய்ச்சிப் பயிர் செய்பவராக இருக்க வேண்டும். ஊரில் நேர்மையானவர் என்று பெயரெடுத்தவராக இருக்க வேண்டும். வெளியூர்ப் பணக்காரரோ படித்த அதிகாரியோ அந்த நாற்காலியில் அமர முடியாது. அவருக்குக் கீழே காவலர்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறைவிட ‘அதந்ததோர்’ என்னும் ஆட்கள்.

முறை தலைமடையில் தொடங்கிக் கடைமடை வரை போகும். தன் முறை வந்ததும் விவசாயி தேவையான அளவு பாய்ச்சிக்கொள்ளலாம், வீணாக்கக் கூடாது. முறை வந்த நேரத்தில் அவர் வயலில் இல்லையென்றால் தண்ணீர் காத்திருக்காது, அடுத்தவருக்குப் போய்விடும். அடுத்த சுற்று வரை அவர் பொறுத்திருக்க வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டில் காவலுக்குத் தனிச் செலவு அதிகம் இல்லை. உங்கள் முறை முடியும் நேரத்தில் அடுத்த முறைக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நிற்பார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு சால் தண்ணீர்கூடக் கூடுதலாகப் பாய்ச்ச முடியாது.

உரிமையோடு பொறுப்பும் கட்டப்பட்டிருந்தது. நிலத்தின் பரப்புக்குத் தக்கபடி வாய்க்கால் வரி கட்ட வேண்டும். குறித்த காலத்தில் தண்ணீரை நிறுத்தித் தூர்வாருவார்கள், கரையைச் சீர்செய்வார்கள், செலவு எல்லோர் தலையிலும். நீர் நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தை விற்றால் நீரும் கூடப் போகும். நீரை மட்டும் தனியே விற்க முடியாது. இந்த ஒரு விதி, காசுள்ளவர் தண்ணீரை வாங்கிக் குவித்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டது.

கடும் வறட்சியில் சாதாரண முறை நின்றுபோகும். எந்தப் பயிர் உடனே காயும், எது சில நாள் தாங்கும் என்று பார்த்துத் தண்ணீர் விடும் அதிகாரம் அப்போது சிண்டிக்கின் கைக்கு வரும். தனக்கு வர வேண்டிய தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. முடிவெடுத்தவரின் சொந்த வயலும் அதே வாய்க்காலில் காய்கிறது என்பதால்தான் அதைச் சகித்துக்கொண்டார்கள்.

இழுபறிகளும் இருண்ட பக்கங்களும்

எல்லாம் சுமுகமாகவே நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வறட்சிக் காலங்களில் மேலே இருந்த ஊர்கள் ஆற்றை மறித்துக்கொள்ள, கீழே நகரத்துக்குத் தண்ணீர் வராமல் போனது. 1321-ல் அரசர் இரண்டாம் ஹைமேயின் ஆணை ஒரு சமரசம் கண்டது: வறட்சியில் மேலூர்களுக்கு நான்கு நாள், கீழே ஓர்ட்டாவுக்கு நான்கு நாள் என்று ஆறு மாறி மாறிப் பாயும். வாய்க்காலுக்குள் எழும் வழக்கை உழவர்களே தீர்த்தார்கள். ஊருக்கும் ஊருக்கும் வழக்கு என்றால் அவர்களுக்கு மேலே ஓர் அதிகாரம் தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தார் கூடித் தீர்க்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை அப்போதே ஆறு காட்டிக்கொடுத்துவிட்டது.

மன்றத்தின் தீர்ப்புகளும் பிழைக்கு அப்பாற்பட்டவையல்ல. வலென்சியாவின் புகழ்பெற்ற எழுத்தாளர் பிளாஸ்கோ இபான்யெஸ் 1898-ல் எழுதிய ‘லா பர்ராக்கா’ நாவலில் இந்த மன்றம் வருகிறது. ஊரே ஒதுக்கிவைத்த பத்திஸ்தே என்ற குத்தகை விவசாயியின் மேல், அவ்வட்டாரச் சண்டியர் பொய்க் குற்றம் சுமத்துகிறார். பத்திஸ்தே பொறுக்க மாட்டாமல் இடையில் குரலை உயர்த்தியதே அவருக்கு எதிராகத் திரும்பி, அபராதம் விழுகிறது. விரைவான, வாய்மொழியான, மேல்முறையீடற்ற நீதி நல்லவர்கள் கையில் எவ்வளவு பெரிய வரமோ, ஊர்ப்பகை புகுந்தால் அவ்வளவு பெரிய சாபம். அந்த நாவலாசிரியர் ஓர்ட்டாவை நேசித்தவர். அதனாலேயே அதை மறைக்காமல் எழுதினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளாக இந்த வயல்களில் உழைத்தவர்களில் மிகப் பலர் குத்தகைக்காரர்கள். நிலம் மடங்களுக்கும் நகரத்துச் செல்வர்களுக்கும் சொந்தம். நீரின் மேல் உழவருக்கு இருந்த குரல், நிலத்தின் மேல் இருக்கவில்லை. பெண்கள் வயலில் பாடுபட்டாலும் சிண்டிக் பொறுப்புக்கு ஒரு பெண் வர இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

தப்பிப் பிழைத்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பழைய சலுகைகளையும் தனி நீதிமன்றங்களையும் ஒழிக்கும் காற்று வீசியது. காதிஸ் நகரில் கூடிய ஸ்பானிய நாடாளுமன்றத்தின் 1812 அரசியலமைப்பு, எல்லோருக்கும் ஒரே நீதிமன்றம் என்றது. அந்தக் கொள்கைப்படி வலென்சிய மன்றமும் போயிருக்க வேண்டும். 1813-ல் வலென்சியாவின் பிரதிநிதி பிரான்சிஸ்கோ ஹவியேர் பொர்ருல் எழுந்து வாதாடினார். இது பிரபுக்களின் சலுகை மன்றமில்லை. உழவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. தண்ணீர் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் பயிர் காய்ந்துவிடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். மன்றம் நிலைத்தது. பின்னர் 1866, 1879 ஆண்டுகளின் தண்ணீர்ச் சட்டங்கள் பாசனக்காரர் சங்கங்களையும் அவற்றுக்கென்று நடுவர் குழுக்களையும் நாடெங்கும் அமைக்க வழிசெய்தன. அவற்றுக்கு வலென்சியா முன்மாதிரியாயிற்று. இன்றைய 1978 அரசியலமைப்பும் மரபு வழி நீதிமன்றங்களுக்கு இடம் தருகிறது. 1985-ன் நீதித்துறைச் சட்டம் இந்த மன்றத்தைப் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு கண்ணி உண்டு. நீலகிரிக்குச் சிங்கோனா மரத்தைக் கொண்டுவந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், இந்தியப் பாசனத்துக்குப் பயன்படும் என்று கிழக்கு ஸ்பெயினின் பாசனத்தைப் பார்த்து 1867-ல் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு, இந்தியாவில் பணியாற்றிய பொறியாளர் காலின் ஸ்காட்-மான்கிரீஃப் தென் ஐரோப்பியப் பாசனம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அவரும் வலென்சியாவைப் பார்த்தவர். 1901 முதல் 1903 வரை இந்தியா முழுவதும் சுற்றிய பாசனக் கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் அதே மான்கிரீஃப்தான். ஆனால் ஆங்கிலேய அரசு இங்கே போட்ட பாதை வேறு. தீர்வை விதிப்பதும் மதகைத் திறப்பதும் அரசுத் துறையின் கைக்கு வந்தன. ஊர் கூடிச் செய்த மராமத்தைக் கட்டாய உழைப்பாக்கி 1858-ல் சென்னை மாகாணம் சட்டம் போட்டது. வலென்சிய விவசாயியிடம் கடமையும் அதிகாரமும் சேர்ந்தே இருந்தன. இங்கே கடமை ஊரில் தங்கியது. அதிகாரம் கச்சேரிக்குப் போய்விட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வலென்சியாவுக்கும் சோதனை வந்தது. 1957 அக்டோபர் 14-ல் துரியா பெருகி நகரத்தை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் ஆற்றையே நகருக்குத் தெற்கே புதிய தடத்தில் திருப்பினார்கள். பழைய ஆற்றுப்படுகை இன்று பூங்கா. மேலே பெரிய அணைகள் வந்தன. ஆற்றுப்படுகை முழுவதையும் கவனிக்கும் அரசு ஆணையம் வந்தது. வயல்களை நகரம் தின்றது. ரோவெய்யா வாய்க்காலின் ஆயக்கட்டில் பெரும்பகுதி இன்று கட்டடங்களுக்கு அடியில். 2009-ல் யுனெஸ்கோ இந்த மன்றத்தையும், முர்சியாவில் உள்ள இதே போன்ற மற்றொரு மன்றத்தையும் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. 2019-ல் ஓர்ட்டாவின் பாசன அமைப்பை ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் உலக வேளாண் மரபாக அறிவித்தது. விருதுகள் நல்லவை. ஆனால் பாய்ச்ச வயல் இல்லாமல் போனால் மன்றம் வெறும் காட்சியாகிவிடும் என்பதை ஓர்ட்டாவின் விவசாயிகள் நன்றாக அறிவார்கள்.

யுனெஸ்கோ அறிவிப்பு வந்த அதே 2009-ல், எலினோர் ஆஸ்ட்ரம் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். பொதுச் சொத்தை மக்கள் கையில் விட்டால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அரசோ தனியார் உரிமையோதான் அதைக் காக்க முடியும் என்று அறிஞர்கள் பலர் நம்பிய காலத்தில், 1990-ல் வந்த தன் நூலில் அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று வலென்சியாவின் வாய்க்கால்கள். எல்லை தெளிவு, விதியை வகுப்பவர் அதற்குக் கட்டுப்படுபவரே, காவலர் விவசாயிகளுக்குப் பதில் சொல்பவர், தண்டனை சிறிதாகத் தொடங்கும், வழக்கு அருகிலேயே, மலிவாகத் தீரும். நீண்ட காலம் நிலைத்த அமைப்புகளில் இவை திரும்பத் திரும்பத் தென்படுகின்றன என்றார் அவர்.

வலென்சியாவிடமிருந்து கற்க வேண்டியது அப்போஸ்தலர் வாசலில் வைக்கும் நாற்காலிகளை அன்று. நாற்காலியையும் கறுப்புச் சட்டையையும் எந்த ஊரும் ஒரே நாளில் செய்துவிடலாம். தூர்வாரும் செலவைச் சுமப்பவருக்கே மதகின் மேல் சொல் இருக்க வேண்டும். தீர்ப்புச் சொல்பவரின் வயலும் அதே தண்ணீரை நம்பியிருக்க வேண்டும். அப்படி அமைந்ததை அரசு பறிக்காமல் சட்டத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில், அரசர்கள் போய், ஆட்சிகள் மாறி, ஆறே தடம் மாறிய பிறகும் முறைத் தண்ணீர் பாய்கிறது. இவற்றில் ஒன்றை விட்டுவிட்டுச் சங்கங்களை மட்டும் தொடங்கிய இடங்களில், பெயர்ப்பலகைதான் மிஞ்சியது.

வலென்சியாவுக்குத் தெற்கே அதே கடற்கரையில் அலிகாந்தே இருக்கிறது. இன்னும் வறண்ட ஊர். அங்கே நிலத்திலிருந்து நீரைப் பிரித்தார்கள். தண்ணீர் உரிமையைத் தனிச் சொத்தாக்கி ஏலத்தில் விற்றார்கள். 1594-ல் திபியில் பெரிய அணையும் கட்டினார்கள். அங்கே கடைமடை விவசாயியின் கதி என்னவாயிற்று என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)